ஓதமும் மதகும்: ஜார்ஜ்டவுன் நகரில் ஒரு தமிழ்ப் பயணி



தென்னமெரிக்கா என்றதும் தமிழ் வாசகர் உள்ளத்தில் தோன்றும் காட்சிகள் சில. நெருடாவின் கவிதை, ஆண்டிஸ் மலை, அமேசான் காடு, உதைபந்தாட்டம் ஆகியவை அவை. அக்கண்டத்தின் கடலோரத் தலைநகரங்களைச் சொல்லும்படி கேட்டால் லீமா என்பார்; புவனஸ் அயர்ஸ் என்பார்; சற்றே பூகோளம் பயின்றவர் மாண்டெவிடியோ என்றும் சேர்ப்பார். ஜார்ஜ்டவுன் என்று சொல்பவர் அரியர். தென்னமெரிக்க நாடுகளுள் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடாகிய கயானாவின் தலைநகர் அது. தமிழர் கால்பட்ட தலைநகரம் அது என்பதும், அங்கே தமிழ் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று என்பதும் இவ்வுரையின் பொருள்.

அஞ்சுகிராமத்திற்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஒரு கடலன்று, இரு பெருங்கடல்கள் கிடக்கின்றன. ஆயினும் இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளவை. இவ்வூர் எட்டுப் பாகையை ஒட்டியும், அந்நகர் ஆறே முக்கால் பாகையை ஒட்டியும் அமைந்துள்ளன. ஆகவே இங்கிருந்து செல்லும் பயணிக்கு அங்குள்ள வெயில் அந்நியமாகத் தோன்றுவதில்லை. தென்னையும் மாவும் வாழையும் வயல்வெளியும் அங்கும் உண்டு. பொழுதுதான் மாறுகிறது. அங்கே நண்பகல் பன்னிரண்டு எனில் இங்கே இரவு ஒன்பதரை.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் பயணி நியூயார்க், மியாமி, டொராண்டோ போன்ற வடவமெரிக்க நகரம் ஒன்றின் வழியாகவே பெரும்பாலும் ஜார்ஜ்டவுனை அடைய நேரும். இறங்கும் இடம் நகரிலிருந்து 41 கிலோமீட்டர் தெற்கே, டெமரரா ஆற்றங்கரையில், டிமெரி என்னும் ஊரில் உள்ளது. இன்று அது செட்டி ஜெகன் பன்னாட்டு விமான நிலையம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்தளமாக இருந்து அட்கின்சன் களம் என்று பெயர் பெற்றிருந்தது. கவிஞர்கள் நிறைந்த இந்த அவை அவ்விடத்தை வேறொரு காரணத்திற்காக நினைவிற்கொள்ள வேண்டும். 1953இல் கயானா மக்கள் வாக்களித்துத் தேர்ந்த செட்டி ஜெகனின் அமைச்சரவையைப் பிரிட்டிஷ் அரசு 133 நாட்களில் கலைத்தது. படைகளை இறக்கி, அரசியலமைப்பை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் மார்ட்டின் கார்ட்டர் என்னும் இருபத்தாறு வயதுக் கவிஞர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டது இந்த விமானத்தளத்தில்தான். அவருடைய எதிர்ப்புக் கவிதைகளின் தொகுதி 1954இல் லண்டனில் வெளிவந்தது. பயணி பெட்டிக்காகக் காத்து நிற்கும் நிலம் ஒரு கவிஞனின் சிறை.

அங்கிருந்து சாலை ஆற்றை ஒட்டியே நகரை நோக்கிச் செல்கிறது. நகரை நெருங்க நெருங்க வாய்க்கால்கள் பெருகுகின்றன. வீடுகள் தூண்களின்மேல் ஏறி நிற்கின்றன. வீட்டின் அடித்தளம் திறந்தவெளி. அங்கே தூளிக்கட்டில் கட்டி உறங்குவார்கள், சமைப்பார்கள், துணி உலர்த்துவார்கள், திருமணமும் நடத்துவார்கள். காரணம் எளியது. வெள்ளப்பெருக்கின்போது கடலின் நீர்மட்டம் நகரத் தெருக்களைவிட உயரமாக இருக்கும். ஜார்ஜ்டவுன் கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கும் நகரம்.

அந்நிலம் கடலிடமிருந்து பறிக்கப்பட்டது. அதைப் பறிக்கத் திட்டமிட்டவர் டச்சுக்காரர். 1782இல் இவ்விடத்தைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் நகருக்கு அடிக்கோலினர். 1784இல் மீண்ட டச்சுக்காரர் தம் மேற்கிந்தியக் கம்பெனித் தலைவரின் பட்டப்பெயரால் ஸ்டாப்ரூக் என்று அழைத்தனர். 1812இல் ஆங்கிலேயர் தம் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டினர். மூன்று வல்லரசுகள் ஆண்ட ஊரில் வாய்க்கால் வெட்டியவர் வேறு மனிதர். வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். கயானாவின் வரலாற்றாசிரியர் வால்ட்டர் ராட்னி, 1948ஆம் ஆண்டின் சர்க்கரைத் தொழில் விசாரணைக் குழுவின் கணக்கைக் கொண்டு இதனை விளக்குகிறார். ஒரு சதுர மைல் கரும்புத் தோட்டத்திற்கு 49 மைல் வடிகாலும், 16 மைல் உயர்மட்ட நீர்வழியும் வேண்டும். கரையோரத் தோட்டங்களை உருவாக்க மண்வெட்டியால் வாரப்பட்ட சேற்று மண் 10 கோடி டன் என்பது அக்கணக்கு. நாஞ்சில் நாட்டு வயலில் வரப்பு வெட்டிப் பழகியவருக்குத்தான் இந்த எண்ணின் பாரம் விளங்கும். ஈரக் களிமண்ணை இடுப்பளவு நீரில் நின்று வாரியவர்கள் அவர்கள். பாசனத்திற்காக அன்று, நிலம் மூழ்காமல் இருப்பதற்காக.

இனி மதகைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கே அதற்குக் கோக்கர் என்று பெயர், டச்சுச் சொல். ஒவ்வொரு பெரிய வாய்க்காலும் கடலையோ ஆற்றையோ சேருமிடத்தில் ஒரு கோக்கர் நிற்கிறது. உயர்ந்த சட்டம், அதிலிருந்து தொங்கும் பெருங்கதவு, கதவை ஏற்றி இறக்கும் உருளை. மதகுக்காரர் கடலின் ஓதத்தைப் பார்த்தே தம் நாளை வகுத்துக்கொள்கிறார். நீர் வற்றும் வேளையில் கதவைத் தூக்குவார். நகரின் மழைநீரும் கழிவுநீரும் வெளியேறும். நீர் ஏறும் வேளையில் கதவை இறக்குவார். கடல் வெளியே நிற்கும். நாளைக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். ஓதம் நிலவைப் பின்தொடர்வதால் மதகுக்காரரின் வேளை நாள்தோறும் சற்றுத் தள்ளிப்போகும். கடிகாரத்தை நம்பி அவர் உறங்க முடியாது. மணக்குடிக் காயலில் பொழி வெட்டுவோரும், குளத்து மடையில் காவல் நிற்போரும் இந்த மனிதரைக் கண்டால் பேச மொழி தேடவேண்டியதில்லை. ஒரு வேறுபாடு உண்டு. நாஞ்சில் நாட்டு மடை நீரை வயலுக்கு விடுவதற்கானது. கோக்கர் நீரை வெளியே தள்ளுவதற்கானது. ஒருவர் நீர் வராதோ என்று அஞ்சுகிறார். மற்றவர் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்.

கடற்கரை நெடுக மதில் ஓடுகிறது. நாட்டின் கரையோரம் முழுவதுமாக 280 மைல் என்பர். 1855இல் பெருவெள்ளம் கரையைத் தின்ற பின்னர் நகரப் பகுதியின் சுவரைக் கட்டத் தொடங்கி 1892இல் முடித்தனர். கல் உடைத்தவர்களும் சுமந்தவர்களும் பெரும்பாலும் மசருணிச் சிறைக் குடியிருப்பின் கைதிகள். மாலையில் நகரமே அச்சுவரின்மேல் அமர்ந்திருக்கும். ஈஸ்டர் திங்களன்று வானம் முழுவதும் பட்டங்கள். கன்னியாகுமரியின் நீலத்தை எதிர்பார்த்துச் செல்பவர் அங்கே ஏமாறுவார். அங்குள்ள அட்லாண்டிக் கடல் பழுப்பு நிறம். அமேசான் ஆறு கொண்டு தள்ளும் வண்டல் கரையோர நீரோட்டத்தால் அவ்வளவு தொலைவும் வந்து சேர்கிறது. நெய்தல் என்றவுடன் நீலத்தையும் வெண்மணலையும் எழுதப் பழகிய கவிதைக்கு அந்தச் சேற்றுக் கடல் ஒரு நல்ல சோதனை.

கட்டடங்களைக் குறித்து நீளப் பேசவேண்டியதில்லை. வழிகாட்டி நூல்கள் அவற்றையே பேசுகின்றன. புனித ஜார்ஜ் பேராலயம் மரத்தாலானது, 43 மீட்டருக்கு மேல் உயரம், 1892இல் வழிபாட்டிற்குத் திறந்தது. 1889இல் எழுந்த நகர மன்றமும் மரமே. ஸ்டாப்ரூக் சந்தை மட்டும் இரும்பு; அமெரிக்க நிறுவனம் ஒன்று 1881இல் எழுப்பியது; அதன் மணிக்கூண்டு ஆற்றிலிருந்து வருவோர்க்கு அடையாளம். மர நகரமாதலால் நெருப்பு அதன் நிரந்தரப் பகை. 1945இல் நகரின் நடுப்பகுதி எரிந்தது. 2004 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறந்த நாளிலேயே, திரு இருதய ஆலயம் எரிந்து சாம்பலாயிற்று. அதற்கு மறுநாள் குமரிக் கரையில் நேர்ந்தது எது என்பதை இந்த அவைக்குச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், பெருமழையால் ஜார்ஜ்டவுனும் அதன் கிழக்குக் கரையும் வாரக்கணக்கில் நீரில் நின்றன. ஒரே பருவத்தில் இரு கரைகளும் நீரைக் கண்டு நடுங்கியிருக்கின்றன. ஒன்றன் செய்தி மற்றதற்கு எட்டவில்லை.

நகரின் நடுவே ஒரு சிறு பூங்காவில் கப்பல் ஒன்றின் உலோக உருவம் நிற்கிறது. விட்பி என்பது அக்கப்பலின் பெயர். 1838 மே 5ஆம் நாள் விட்பியும் ஹெஸ்பரஸும் கல்கத்தாவிலிருந்து 396 ஒப்பந்தக் கூலிகளைக் கொணர்ந்து இறக்கின. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளில்தான் ஆப்பிரிக்கர் முழு விடுதலை பெற்றனர். கூலி கேட்கத் தொடங்கிய விடுதலை மனிதர்க்கு மாற்றாக, கூலி கேட்க இயலாத ஒப்பந்த மனிதரைத் தோட்ட முதலாளிகள் தேடினர். அதை முதலில் ஏற்பாடு செய்தவர், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன். 1917இல் அம்முறை ஒழியும்வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் கயானாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பலர் கல்கத்தா வழியாகச் சென்ற போஜ்புரி பேசும் மக்கள். 1845 முதல் 1860களின் தொடக்கம்வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றோர் சுமார் 15,000 பேர். அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். அனைவருக்கும் அங்கு வழங்கிய ஒரே பெயர் மதராஸி. தென் திருவிதாங்கூரிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் இலங்கை மலைகளையே நாடினர். ஆதலின் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களில் டெமரரா என்ற பெயர் வழங்கவில்லை. கண்டிச்சீமை வழங்கிற்று.

கடல்கடந்து பொருள்தேடச் செல்கையில் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்வதில்லை என்று தொல்காப்பியம் வகுத்தது. கூலிக் கப்பல் அந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கியது. ஆண்கள் நூற்றுவர்க்குப் பெண்கள் நாற்பதின்மர் கட்டாயம் ஏறவேண்டும் என்று சட்டமே பின்னர் வந்தது. தோட்டத்தில் பெண்கள் குறைந்ததால் கொலைகள் மிகுந்தன என்பது அதற்குக் காட்டிய காரணம். பொருள்வயிற் பிரிவு என்ற துறையில் இல்லத்தில் இருந்து வருந்தும் பெண்ணையே தமிழ்க் கவிதை பாடிற்று. கணவனை இழந்தவளும், கணவனைவிட்டு வந்தவளும், பஞ்சத்தில் துரத்தப்பட்டவளும் தனியே கப்பலேறி மும்மாதம் கடலில் கிடந்த பிரிவுக்குத் துறைப்பெயர் இல்லை. கயானாவில் பிறந்த கையூத்ரா பகதூர் என்ற எழுத்தாளர், 1903இல் கருவுற்ற நிலையில் தனியே கல்கத்தாவில் கப்பலேறிய தம் பூட்டியைத் தேடிச்சென்று 2013இல் ஒரு நூல் எழுதினார். தேடிய பேர்த்திக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கேள்விகளே. அந்நூல் கேள்விகளாகவே பல பக்கங்களில் நடக்கிறது. அது குறையன்று, அந்தப் பெண்ணைக் குறித்து நேர்மையாக எழுதக்கூடிய முறை அதுவே.

மதராஸிகளைக் குறித்துத் தோட்ட முதலாளிகள் எழுதிவைத்தவை நல்லெண்ணம் கொண்டவை அல்ல. தோட்டத்தில் நிலைக்கமாட்டார்கள், நகரத்துக்கு ஓடிவிடுவார்கள், தெருவில் கூவி விற்கப் போய்விடுவார்கள் என்பது ஓயாத குறை. இக்குறையைப் புகழாகப் படிக்கலாம். ஜார்ஜ்டவுனின் தெருக்களில் முதலில் நடந்த தமிழர்கள் தோட்டத்தைப் பொறுக்காதவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தும் முடியாமலும் நகருக்குள் வந்து கூடை சுமந்தவர்கள், மீன் விற்றவர்கள், துப்புரவு செய்தவர்கள். அந்நகரின் சந்தையில் பயணி ஒரு பொழுது நிற்பது பேராலயத்தில் நிற்பதைவிடப் பயன் தரும்.

அங்கே பெயர்ப்பலகைகளைப் படிக்கலாம். பெர்மால் என்றிருக்கும், பெருமாள். நாகமூட்டூ என்றிருக்கும், நாகமுத்து. வீராசாமி, ராம்சாமி, நாயுடு என்பன திரியாமலே இருக்கும். கப்பலில் ஏற்றிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஒலி, தலைமுறைகள் கடந்து குடும்பப் பெயராயிற்று. ஒருவருக்கு இட்ட பெயர் வழிவழி அனைவருக்கும் குடிப்பெயர். கிரிக்கெட் கேட்கும் இளைஞர்களுக்கு மகேந்திர நாகமுத்துவும் வீராசாமி பெர்மாலும் தெரிந்திருக்கலாம். இருவரும் மேற்கிந்தியத் தீவுகளுக்காக டெஸ்ட் ஆடிய கயானாவினர். (1930இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற போர்டா மைதானம் ஜார்ஜ்டவுனில்தான் உள்ளது.) மோசஸ் நாகமுத்து 2015 முதல் 2020 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்தார். இவர்களில் எவரும் தமிழ் பேசுபவர் அல்லர்.

மொழி எவ்வாறு மறைந்தது? தமிழ் மேடைகளில் இவ்வினா எழுந்ததும் ஓர் இரங்கற்பா தொடங்கிவிடும். அதனினும் கணக்குப் பார்ப்பது நன்று. கல்கத்தா வழி வந்தோர் பதினைந்து பங்கென்றால் சென்னை வழி வந்தோர் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கும் பல தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டது. 1860களுக்குப்பின் புதியவர் வரவு ஏறத்தாழ நின்றது. ஆகவே மொழிக்குப் புதுக்குருதி இல்லை. திரும்பிவரும் உரிமை பெற்றிருந்தும் கயானா இந்தியர் அனைவருள்ளும் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவரே தாயகம் திரும்பினர். தமிழில் எழுத்தறிவிக்கப் பள்ளி இல்லை. தமிழறிந்த பிராங்கர்ஸ்ட் என்ற மெதடிஸ்து ஊழியர் 1860களில் தொடங்கிப் பல்லாண்டு அங்குப் பணியாற்றினார். உழைக்கும் மக்களைக் குறித்து 1883இல் ஒரு நூலும் எழுதினார். அவர் தமிழில் பேசியது கிறிஸ்துவைப் பற்றி. தமிழைக் கற்பிக்க என்று எவரும் அங்குச் செல்லவில்லை. சென்னையில் ஏடுகள் அச்சேறிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், டெமரராவின் வரிசை வீடுகளில் தாலாட்டு கிரியோல் மொழிக்கு மாறிக்கொண்டிருந்தது. இதில் அத்தாய்மாரின் குற்றம் எதுவுமில்லை. குழந்தை மேற்பார்வையாளனிடம் அடி வாங்காமல் தப்பிக்கத் தேவையான மொழியை அவர்கள் கொடுத்தார்கள்.

மொழி போனபின்னும் அம்மன் இருந்தாள். இதுவே அங்குப் பயணியைத் திகைக்க வைப்பது. அங்கு வழங்கும் பெயர் காளிமாய் பூஜை. ஆனால் நடுவில் வீற்றிருப்பவள் மாரியம்மா. மாரியைச் சூழ்ந்து நிற்போர் பெயரைக் கேட்டால் தென்மாவட்டத்து ஊர்க்கோடியில் நிற்பதுபோல் இருக்கும். மதராவீரன் என்பவர் மதுரைவீரன். முனீஸ்ப்ரென் என்பவர் முனீஸ்வரன். சங்கனி என்பவர் சங்கிலிக் கருப்பன் என்று கொள்ள இடமுண்டு. காட்டேரி காட்டேரியாகவே இருக்கிறாள். தப்பு அடிக்கிறார்கள், அதற்கு அங்கும் தப்பு என்றே பெயர். உடுக்கை ஒலிக்கிறது. கரகம் எடுக்கிறார்கள். வேப்பங்குலையும் மஞ்சள்நீரும் உண்டு. அருள்வந்து ஆடுபவர் நோயாளியின் குறைகேட்டு வாக்குச் சொல்கிறார். சங்கநூல் பயின்றவர் வெறியாட்டு என்பார். இவ்வூர்க்காரர் கோமரத்தாடி என்பார். பாடப்படும் பாட்டில் தமிழ் உண்டு. பாடுபவருக்குப் பொருள் தெரியாது. ஒலியாகவே கைமாறி வந்தது அது. பெர்பிஸ் பகுதியில் ஆல்பியன் என்னும் ஊரில் ஜேம்சி நாயுடு என்ற பூசாரி நடத்திய வழிபாட்டை ஸ்டெபனோஸ் ஸ்டெபனிடிஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து 2000இல் நூலாக்கினார். ஸ்டெபனிடிஸ் ஒரு கவிஞரும் ஆவார்.

அந்த வழிபாடு எளிதில் நிலைத்துவிடவில்லை. ஆட்டுப்பலி இழிவானது, மதராஸிகளின் அநாகரிகம் என்று அங்குள்ள வைதிக இந்துக்களே ஒதுக்கினர். தமிழகத்தில் 2003இல் உயிர்ப்பலித் தடை நடைமுறைக்கு வந்து 2004இல் நீங்கியபோது கிளம்பிய வாதங்களைப் படித்தவர்க்கு, கயானாவின் வாதங்கள் முன்பே கேட்டவைபோல் தோன்றும். தெய்வத்திலும் மேல் கீழ் பார்ப்பது கப்பலேறி அக்கரைக்கும் சென்றிருக்கிறது. ஒன்றைக் கவனிக்கவேண்டும். நோய் தீரவேண்டி அந்த அம்மன்முன் நிற்போர் இந்திய வழியினர் மட்டும் அல்லர். ஆப்பிரிக்க வழியினரும் வருகின்றனர். வாய்க்கால் வெட்டியவரின் பேரரும், கரும்பு வெட்டியவரின் பேரரும் ஒரே வேப்பங்குலைக்குத் தலைகுனிகின்றனர். அரசியலில் அவ்விரு மக்களுக்கும் இடையே ஆறாத பகை 1960களிலிருந்தே உண்டு. கொலையும் தீவைப்பும் நடந்தன. அதை அறிந்தபின் அக்காட்சிக்கு வேறு பொருள் உண்டாகிறது.

பூசை முடிந்தபின் சோறு. ஏழு கறி என்று அதற்குப் பெயர். பூசணி, கடலை, மாங்காய், கீரை எனப் பல கறிகளைச் சோற்றோடு ஒருங்கே படைப்பது. படைப்பது ஆம்பல் வகை நீர்ப்பூவின் பெரிய இலையில். தாமரை பறிக்கும் குளக்கரையில் வாழ்வோர்க்கு இலை புதிதன்று. கையால் பிசைந்து உண்ணும் அந்த வேளையில் அயலார் என்ற எண்ணம் பயணிக்கு நீங்கிவிடும்.

அப்போதுதான் பயணி எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அயல்நாட்டில் ஒரு தமிழ்ப் பெயரையோ ஒரு தப்பொலியையோ கண்டதும், இழந்த சொத்தை மீட்டவர்போல் எழுதிவிடுவது தமிழ்ப் பயண நூல்களின் வழக்கம். உலகெங்கும் தமிழ் என்ற பெருமிதத்தோடு பக்கங்கள் நிறையும். அந்தச் சொத்துக்கு இங்குள்ளோர் உரிமை கொண்டாட என்ன செய்தார்கள்? ஊரில் சாதியும் பஞ்சமும் நெருக்கியதால் சென்றவர்கள் அவர்கள். சென்றபின் எவரும் அவர்களை விசாரிக்கவில்லை. தமிழறிந்த கல்வியாளர் அங்குச் சென்று அகராதி எழுதவில்லை. அவர்கள் தப்பைக் காத்தது தமிழ்ப் பண்பாட்டைக் காக்கும் பொருட்டன்று. பிள்ளைக்கு அம்மை கண்டபோது வேறு மருத்துவர் இல்லாமையால். அந்த அம்மன் கயானாவின் அம்மன். பழுப்புக் கடலும் கோக்கரும் கிரியோல் பேச்சும் சேர்ந்து உருவாக்கிய அம்மன். அக்கோயிலில் தமிழைத் தேடும் பயணி, அங்கு உள்ளதைக் காணாமல் திரும்ப நேரும்.

பாரதி ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடினார். புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் கதையாக்கினார். டெமரராவிற்குச் சென்றோர் பாரதி பிறப்பதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே கப்பலேறத் தொடங்கிவிட்டவர்கள். அவர்களைப் பாடத் தமிழ் பிந்திவிட்டது. ஆகவே அவர்களே பாடிக்கொண்டார்கள், வேறு மொழியில். அந்த இலக்கியத்தை இந்த வட்டம் படிக்கவேண்டும்.

ஜார்ஜ்டவுனில் 1945இல் ஏ. ஜே. சீமோர் என்ற கவிஞர் கைக்-ஓவர்-ஆல் என்ற சிற்றிதழைத் தொடங்கினார். மசருணியும் குயுனியும் கூடும் இடத்தில் உள்ள பழைய டச்சுக் கோட்டையின் பெயர் அது. பதினாறு ஆண்டுகளில் 28 இதழ்கள் வந்தன; நின்றது; 1984இல் மீண்டும் எழுந்தது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்திற்கு இந்த எண்கள் ஆறுதல் தரும். ஒரு தலைநகரமே பதினாறு ஆண்டுகளில் 28 இதழ்தான் கண்டிருக்கிறது. மார்ட்டின் கார்ட்டரின் முதிர்ந்த கவிதைகளும் அச்சிற்றிதழ் உலகில் வாழ்ந்தவையே. இளமையில் முழக்கமாக எழுதியவர், பிற்காலத்தில் சொல்லைச் சுருக்கிச் சுருக்கிக் கசப்பின் எல்லைவரை சென்றார். 1997இல் அவர் மறைந்தபோது தாவரவியல் பூங்காவில், நாட்டுத் தலைவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில் அடக்கம் செய்தனர். முழக்கக் கவிதையைத் தாண்டி எங்கே செல்வது என்று மயங்கும் தமிழ்க் கவிஞர்க்கு அவர் கவிதை வாழ்வு ஒரு பாடம்.

டேவிட் டாபிடீன் பெர்பிஸில் 1955இல் பிறந்தவர். கரும்பு வெட்டுவோரின் கொச்சைக் கிரியோலிலேயே 1984இல் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டார். அந்தக் கொச்சைக்குக் காமன்வெல்த் கவிதைப் பரிசு கிடைத்தது. வட்டார வழக்கு கவிதைக்கு ஆகுமா என்ற வாதம் நாஞ்சில் நாட்டிற்குப் பழையது. அக்கரையில் அது வேறு வடிவில் தீர்ந்திருக்கிறது. மோசஸ் நாகமுத்து பிரதமராவதற்கு முன்னரே, 2000இல், ஹென்றீஸ் கியூர் என்ற நாவலை எழுதினார். அவர் பிறந்த விம் என்னும் ஊரின் மதராஸி மீனவர் வாழ்க்கை அதன் பொருள். வலையும் சாமியாடலும் கள்ளமும் சிரிப்பும் கலந்த ஒரு சிற்றூர். குமரிக் கரையின் மீனவர் வாழ்வை எழுதியவர்கள் இதனைத் தமிழில் பெயர்க்கக் கையிலெடுத்தால் தகும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் அதனைப் பெயர்க்க முடியாது. மரமேறிய கடல்தொழிலின் சொற்களை அறிந்தவரே முடியும்.

இன்றைய ஜார்ஜ்டவுன் இந்நூல்களில் உள்ள நகரமன்று. 2015இல் ஆழ்கடலில் எண்ணெய் கண்டனர். 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினர். அதன்பின் விடுதிகள் உயர்ந்தன, வாடகை உயர்ந்தது, சாலைகள் நெரிசலாயின. நான்கு சர்க்கரைத் தோட்டங்கள் 2016, 2017 ஆண்டுகளில் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்த நாட்டில், இரண்டே ஆண்டுகளில் எண்ணெய்ப் பணம் பாயத் தொடங்கிற்று. அப்பணம் பூமியைச் சூடாக்கும் பொருளிலிருந்து வருகிறது. சூடேறினால் கடல் ஏறும். கடல் ஏறினால் முதலில் மூழ்குவது அந்நகரமே. மக்களில் பெரும்பாலோர் அத்தாழ்ந்த கரையோரப் பட்டையில்தான் வாழ்கின்றனர். கடற்சுவரில் அமர்ந்திருப்போரிடம் கேட்டால் இரண்டையும் சொல்வார்கள். எண்ணெய் வேண்டும், சுவர் உயரவேண்டும். கடலரிப்பில் தெருவை இழந்த குமரிக்கரை ஊரார் அவர்களைக் குறைகூறார்.

போக விரும்புவோர்க்குச் சில செய்திகள். மழை இருமுறை, மே முதல் ஆகஸ்டு நடுவரை ஒன்று, நவம்பர் இறுதி முதல் ஜனவரி வரை மற்றொன்று. பிப்ரவரி, மார்ச்சு, அல்லது செப்டம்பர், அக்டோபர் தகுந்த காலம். மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசி புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னரே போட்டுக்கொள்ளவேண்டும். திரும்பி வருகையில் இந்திய விமான நிலையத்தில் அச்சான்றிதழ் கேட்பார்கள். மே 5ஆம் நாள் இந்தியர் வருகை நாள். 2004 முதல் பொது விடுமுறை. கோக்கரைக் காண வற்றத்தின் வேளையை விசாரித்துச் செல்லவேண்டும். மற்ற நேரத்தில் மூடிய கதவைத்தான் காணலாம்.

கப்பல் பதிவேடுகள் ஜார்ஜ்டவுனில் வால்ட்டர் ராட்னி பெயரால் அமைந்த ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ராட்னி அதே நகரில் 1980 ஜூன் 13ஆம் நாள் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டவர். பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலடையாளம் என்று கட்டங்கள் இருக்கும். சென்னைக் கப்பல்களின் பக்கங்களில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தரின் கைப்பட்டுச் சிதைந்து கிடக்கின்றன. அவை எந்த ஊர்கள் என்று அங்குள்ளோரால் சொல்ல இயலாது. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைக் காதால் அறிந்த ஒருவர் அப்பக்கங்களுக்குமுன் ஒரு மாதம் அமர்ந்தால், சில குடும்பங்களுக்கேனும் தங்கள் ஊர் எதுவென்று தெரியவரும்.